நத்தார் மட்டையில் ஒரு நட்சத்திரம்

"அம்மா, இரும்பு சிவந்திட்டுது. ஆனா எங்கடை மாட்டுக்குச் சுடுற குறி பிறையெல்லே? இது நட்சத்திரமாக் கிடக்கு!"

"நத்தாருக்கு ஆரடி பிறை அனுப்புறது? பரணிலை சும்மா கிடந்த சாமான். உன்ரை ஐயா செய்விச்சதிலை இது ஒண்டுதான் உருப்படி. கொண்டா இஞ்சை!"

செபஸ்தியம்மா குறியிரும்பை மகளிடம் வாங்கி, வாழ்த்து மட்டையில் ஒரு கணம் வைத்து எடுத்தாள். எட்டு முனையோடு பழுப்பாய் ஒரு நட்சத்திரம் பதிந்திருந்தது. முதல் மூன்று மட்டைகள் ஓட்டையாய்ப் போனதை அவள் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

அடுத்தது பாலன் இயேசுவின் தொட்டில். பிஸ்கற் தகரத்தைக் கீலமாக வெட்டி, வளைத்து, ஓரத்தைத் தீட்டி அச்சாக்கியிருந்தாள். சிவப்புக் கடதாசியில் அதை வைத்துச் சுத்தியலால் அடித்தால் உருவம் வெட்டுப்பட்டு விழும். அவள் அதைத் தொட்டில் என்றாள். நெடுந்தீவில் வேறு எவர் பார்த்தாலும் வள்ளம் என்பார்கள்.

இவ்வளவு பாடும் சில்வெஸ்ரருக்காக. தீவிலேயே கூடுதலாக மாடு வைத்திருந்த மனிதர். அவருடைய மகன் கிறிஸ்தோப்பருக்கு மகள் ஞானசவுந்தரியைக் கலியாணம் பேசத் தொடங்கி ஒரு வருடம். 'பாப்பம்' என்பதற்கு மேல் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. உலக யுத்தத்தால் சீமைக் கப்பல் வராமல், அவருக்கு வருடாவருடம் கொழும்பிலிருந்து வரும் அச்சடித்த மட்டையும் நின்றுபோயிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தால் மனிதர் உருகிவிடுவார் என்பது செபஸ்தியம்மாவின் இராசதந்திரம். புருஷன் மனுவேல் மாடு விற்க யாழ்ப்பாணம் போயிருந்ததால், இந்த மூளையை மறித்துப் பேச வீட்டில் ஆளில்லை.

"ஐயா வந்தாப்பிறகு கேட்டுட்டு அனுப்புவமே?" என்றாள் ஞானசவுந்தரி.

"கொப்பரைக் கேட்டால் நீ குமராவே கிழவியாவாய்."

நத்தாரன்று காலை சில்வெஸ்ரர் படலையைத் திறந்தார். கையில் அவள் அனுப்பிய மட்டை, பக்கத்தில் அரசாங்கத்தின் ஊர் அதிகாரியான விதானையார். சாட்சியோடு சம்மதம் சொல்ல வந்திருக்கிறார் என்று செபஸ்தியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல்நாள்தான் வந்திறங்கிய மனுவேலைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கதிரை போட்டாள்.

"செபஸ்தியம்மா, நட்சத்திரம் நல்ல வடிவு. எதாலை குத்தினனீர்?"

"குத்தேல்லை அண்ணை, சுட்டனான். இவரின்ரை குறியிரும்பு."

வெளியே வந்த மனுவேலின் முகம் வெளிறியது. "அது... ஆரோ இரவல் தந்தது."

"இரவலோ? போன மாரியிலை நீங்கள்தானே கொல்லனிட்டைச் சொல்லிச் செய்விச்சனீங்கள்! இதைச் சொல்ல என்ன வெக்கம்?"

சில்வெஸ்ரர் மட்டையை விதானையாரிடம் நீட்டினார்.

"கேட்டனீங்கள்தானே, விதானையார்? களவுபோன என்ரை பதினொரு மாட்டையும் யாழ்ப்பாணத்திலை கண்டுபிடிச்சனான். எல்லாத்திலையும் என்ரை சிலுவைக் குறியை மறைச்சு, அதுக்கு மேலை இந்த நட்சத்திரம்தான் சுட்டுக்கிடக்கு. இரும்பு ஆரின்ரை எண்டதுதான் இவ்வளவு நாளும் தெரியேல்லை."