கொட்டாங்குச்சி உப்பு

மாயாபந்தருக்கு மேற்கே, காட்டை வெட்டித் திருத்திய வயலின் ஓரத்தில், அறுத்துப்போட்ட படாக் மரத்தின் மேல் சந்திரமதி உட்கார்ந்திருக்கிறாள். மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. மேகத்துக்கு அடியில் மிச்சமிருக்கும் மஞ்சள் வெயில், சேறு வழியும் அவள் கெண்டைக்காலில் விழுகிறது. அங்கே ஏழெட்டு அட்டைகள் நாவல்பழமாக உப்பித் தொங்குகின்றன. விடிந்ததிலிருந்து நாற்று நட்ட இடுப்பு, இனிக் குனிய மாட்டேன் என்கிறது. மற்ற நாளென்றால் ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பியெடுத்து, இலையில் வைத்துக் காட்டுப்பக்கம் விட்டிருப்பாள். தீவில் குடியேறிய முதல் வருஷம் அவள் புருஷன் பழனிசாமி மலேரியாவில் நினைவு தப்பிக் கிடந்தான். அவன் பிழைத்தால் இனி ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். அன்றிலிருந்து எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுகிறாள்.

பிழைத்தவன் இப்போது கொட்டாங்குச்சியில் உப்போடு எதிரே நிற்கிறான்.

"ஒரு சிட்டிகை போட்டா ஜல்தி செத்து விழுந்துடும். நீ போட வேணாம், நான் போடறேன். வேண்டுதல் உனக்குத்தானே, எனக்கில்லையே?"

"கால் என்னுதுங்க."

"இருட்டறதுக்குள்ள அந்த மூலையையும் நட்டாகணும், சந்திரா."

அவள் அந்த மூலையைப் பார்க்கிறாள். கட்டு அவிழ்க்காத நாற்று முடிகள் தண்ணீரில் மிதக்கின்றன. நீட்டிய கொட்டாங்குச்சியைப் புறங்கையால் மெல்ல ஒதுக்குகிறாள்.

"குடிச்சிட்டு அதுங்களா விழட்டும். அதுவரைக்குமாவது உக்காந்திருக்கேன்."