கைக்குச் சிக்காதது

சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார் பெர்னார்ட். அவரைச் சுற்றி நான்கு வெள்ளைக் கோட்டுகள் நின்றன.

“வலிச்சா சொல்லுங்க அங்கிள்,” என்றாள் பிரவீனா.

“வலிச்சா நானே எழுந்து உனக்கு ஊசி போட்டுடுவேன் லா.”

நால்வரும் சிரித்தார்கள். ஐந்தாவது வெள்ளைக் கோட்டு கட்டிலின் கால்மாட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது பெர்னார்டுடையது.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. முதலாமாண்டு மாணவர்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் தொட்டுப் பரிசோதிக்கப் பழகும் வகுப்பு அது. இருபது வயதுப் பிள்ளைகள் கூச்சப்பட்டு, “நீ படு, நீ படு” என்று தள்ளிக்கொண்டிருக்க, நாற்பத்தாறு வயது பெர்னார்ட்தான் முன்வந்தார்.

“மார்க்குதான் வாங்க முடியல. வயித்தையாவது குடுக்கறேன்.”

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது ஷிஃப்ட் பஸ் முழுக்கச் சிரித்தது. “நீ டாக்டராகி வர்றப்ப ஊசி போட கை நடுங்கும்டா!”

போன வருடப் பரீட்சையில் தேறவில்லை. மறுபடியும் அதே முதலாமாண்டு. இந்த முறையும் தவறினால் அனுப்பிவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலையில் படித்தது மத்தியானம் மனத்தில் இருப்பதில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. தினமும் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிப் போய் வேலை செய்து வீட்டைத் தாங்குகிற மனைவி ஜெரால்டின், “பரவால்லங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள்.

விரிவுரையாளர் டாக்டர் செல்லப்பன் உள்ளே வந்தார். அந்தக் குழுவில் எல்லாரும் தமிழர்கள் என்பதால் அவருக்கு ஆங்கிலத்தோடு தமிழும் வந்துவிடும்.

“சாப்பிட்டீங்களா பெர்னார்ட்? வயிறு நெறைஞ்சிருந்தா அமுக்குறப்ப கஷ்டமா இருக்கும்.”

“ரெண்டு வாய் நாசி லெமாக் சார். இப்பல்லாம் அதுக்கே நெறைஞ்சிடுது.”

“டெஸ்ட் பயம் சார்,” என்றான் வசந்தன்.

“சரி, இன்னைக்கு மண்ணீரல். இடது விலாவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். நல்லா இருக்குற ஆளுக்கு அது கைக்குச் சிக்காது. சிக்குச்சுன்னா வீங்கிப் போயிருக்கு, பெரிய வியாதின்னு அர்த்தம். அதனால இன்னைக்கு நீங்க யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போறதில்ல. கை போற விதத்தை மட்டும் பழகுங்க. வீங்குனா தொப்புள் வரைக்கும்கூட எறங்கி வரும், அதனால வலது இடுப்புல ஆரம்பிச்சு, மெல்ல இடது விலாவுக்கு வரணும்.”

வசந்தன் நேராக இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கினான். “ஒண்ணும் இல்ல சார்.”

அடுத்த இருவரும் அதே இடத்தில் கை வைத்தார்கள். “கொஞ்சம் கெட்டியா இருக்கு, வேற ஒண்ணும் தெரியல,” என்றான் ஒருவன்.

“அது மசில்டா தம்பி,” என்றார் பெர்னார்ட்.

“அலமாக், மூணு பேரும் தப்பு!” என்று தலையில் கை வைத்தார் டாக்டர். “எங்க ஆரம்பிக்கச் சொன்னேன், எங்க கை வைக்கிறீங்க?”

பிரவீனாவின் முறை. கையை நீட்டியவள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா,” என்றார் பெர்னார்ட். “வலது இடுப்புலேர்ந்து வா. நான் மூச்சை இழுக்குறப்ப கையை அசைக்காத. மூச்சை விட்டதும் ஒரு விரல் அளவு மேல நகரு. அவசரப்பட்டா ஓரத்தைத் தவற விட்டுடுவ.”

“பிரமாதம்!” என்றார் டாக்டர் செல்லப்பன். “இதையே டெஸ்ட்ல சொல்லுங்க பெர்னார்ட், நீங்க பாஸ்.”

இரண்டு வருடத்தில் அவர் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை. படித்ததில் ஒன்றாவது மண்டையில் நின்றிருக்கிறது. இன்று வீட்டுக்குப் போய் ஜெரால்டினிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது.

பிரவீனாவின் கை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் நின்றது.

“சார், எனக்குச் சிக்குது.”

“அது அங்கிள் சாப்பிட்ட நாசி லெமாக்!” என்றான் வசந்தன். கட்டிலே குலுங்குகிற மாதிரி பெர்னார்டும் சிரித்தார்.

“இல்ல சார், ஓரம் மாதிரி இருக்கு. அங்கிள் மூச்சு இழுத்தா வந்து விரல்ல இடிக்குது.”

“தள்ளும்மா, நான் காட்டறேன்.” சிரித்தபடியே கை வைத்தார் டாக்டர். “மூச்சை இழுங்க.” பெர்னார்ட் இழுத்தார். “இன்னொரு தடவை.” இழுத்தார். “இன்னொரு தடவை.”

மூன்றாவது முறை டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெர்னார்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

“கிளாஸ் முடிஞ்சது. ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் போகலாம்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். பிரவீனா மட்டும் கதவருகே திரும்பினாள். “நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா சார்?”

“இல்லம்மா. நீ ஒருத்திதான் சரியாப் பண்ண.”

தான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்ற திருப்தியோடு பெர்னார்டும் எழுந்து சட்டையை எடுத்தார்.

டாக்டர் செல்லப்பன் அவர் தோளில் கை வைத்தார்.

“நீங்க படுங்க பெர்னார்ட். ஸ்டூடண்ட்ஸைத்தான் போகச் சொன்னேன்.”