ஒட்டாத டேப்

"டேப் மறுபடியும் கீழே கிடக்குங்க," என்று சமையலறையிலிருந்து மெசூதா சொன்னாள்.

ஜெபாலயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பின்ஹாஸ் உள்ளே போய்ப் பார்த்தான். பிரிட்ஜுக்கு முன்னால் தரையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரி சுருண்டு கிடந்தது. இது மூன்றாவது வெள்ளிக்கிழமை.

ஜெர்பா தீவில், யூதர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவில் யார் வீட்டு பிரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் பின்ஹாஸைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவன் வீட்டு பிரிட்ஜே அவனுக்குப் பிடிபடவில்லை.

வெள்ளி மாலை தொடங்கி சனிக்கிழமை இருட்டும்வரை சபாத், யூதர்களின் ஓய்வுநாள். விளக்கைப் போடக் கூடாது. ஆனால் பிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். பழைய பிரிட்ஜில் பல்பைக் கழற்றி வைத்துவிடுவான். புதியதில் பல்பே இல்லை, சுவரோடு பதித்த பட்டை விளக்கு. நல்லவேளையாக, கதவு வந்து மூடும் இடத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. கதவு அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை விளக்கு எரியாது. அழுத்தியபடியே டேப் போட்டுவிட்டால், கதவு மூடியே இருப்பதாக பிரிட்ஜ் நம்பிக்கொள்ளும்.

அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போகிறான். திரும்பி வந்தால் கீழே கிடக்கிறது.

"ஈரம்தான் காரணம்," என்றான். "ஜில்லுன்னு இருக்கிற இடத்துல காத்துல உள்ள ஈரம் வந்து படியும். பசை விட்டுடும்."

"இருக்கும்," என்றாள் மெசூதா. "நாளைக்கு ஷைமா வந்தாத்தான் சாப்பாடு."

ஷைமா பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பெண், சபாத் கட்டுப்பாடு இல்லாதவள். மகள் தினாவின் தோழி. இருவருக்கும் பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமை ஷைமாவுக்கு லீவு, தினாவுக்குப் பள்ளி. இருவரும் சேர்ந்து விளையாடச் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் உண்டு. அதுவும் பிரிட்ஜ் திறக்க உதவி என்றால்தான் ஷைமாவை வீட்டில் விடுவார்கள்.

மறுநாள் ஷைமா வந்து நின்றாள். விளக்கைப் போடு என்று அவளிடம் கேட்கவும் கூடாது. அதனால் மெசூதா கூரையைப் பார்த்துப் பேசினாள். "என்னமா வெயில் கொளுத்துது. அந்த மிளகாய் சாலட்டும் மீனும் உள்ளேயே கிடக்கு, பாவம்."

"எனக்கும் தாகமாத்தான் இருக்கு அத்தை," என்று ஷைமா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். திறந்த பிரிட்ஜிலிருந்து தினா எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஷைமாவைத் தேடிக்கொண்டு அவள் அம்மா நஜாத் வந்தாள். "வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கு, கிளம்புடி," என்றவள், பிள்ளைகள் ஆட்டத்தை முடிக்கட்டும் என்று மெசூதா பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தாள். மாலை அசர் தொழுகைக்கு அழைப்பு வந்த பிறகுதான் எழுந்தாள்.

சபாத் முடிந்ததும் பின்ஹாஸ் அந்தப் பிளாஸ்திரியை எடுத்துப் பார்த்தான். விரலில் பச்சக்கென்று ஒட்டியது. பசை விடவில்லை. யாரோ உரித்திருக்கிறார்கள்.

"தினா, இங்க வா."

"நான் இல்லப்பா."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"டேப்பைக் கையில வெச்சுக்கிட்டுக் கூப்பிட்டா வேற எதைக் கேப்பீங்க?"

"சபாத் ஆரம்பிச்சுட்டா உரிக்கவும் கூடாது. அப்ப, நான் ஜெபாலயம் கிளம்பினதுக்கும் உங்கம்மா சபாத் தொடங்க விளக்கேத்தறதுக்கும் நடுவுல நடந்திருக்கு. அந்த அரை மணி நேரத்துல உரிச்சுப் போடற அளவுக்கு, ஷைமா வரணும்னு யாருக்கு ஆசை?"

"சத்தியமா நான் இல்லப்பா."

"சரி. வர்ற வெள்ளி நீ என்கூட ஜெபாலயம் வர்ற. டேப் விழலைன்னா உரிச்சது நீதான். அதுக்கப்புறம் ஷைமா இந்த வீட்டுக்கு வர வேண்டியதில்லை."

தினாவின் கண்ணில் நீர் தளும்பியது. "நீங்க ஒட்டற லட்சணத்துக்கு நான் மாட்டிக்கணுமா?" என்று முணுமுணுத்தாள்.

"குழந்தையை ஏங்க மிரட்டறீங்க?" என்றாள் மெசூதா, பயறு பொறுக்கியபடி.

வெள்ளி மாலை. சுவிட்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை இரண்டு அடுக்காக அழுத்தி ஒட்டினான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனை தாண்டியதும் சட்டைப்பையைத் தடவினான். மூக்குக்கண்ணாடி இல்லை. தினாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

பிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. மீன் சுரண்டும் கத்தியோடு மெசூதா குனிந்து நின்று டேப்பைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ரொம்ப மோசமான டேப்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "முந்தினதெல்லாம் ஒரே இழுப்புல வந்துடும்."

"நீயா? பொண்ணுக்காகவா இவ்வளவும்?"

"பொண்ணுக்காக இன்னிக்கு மட்டும்தான், அவ மாட்டிக்கக் கூடாதுன்னு. மத்ததெல்லாம் எனக்காக."

அவனுக்கு விளங்கவில்லை.

"ஷைமா இங்க வந்தாத்தான் நஜாத் இங்க வர முடியும். வேற எதுக்கு அவ வெளியில கிளம்பினாலும் எங்க, எதுக்குன்னு அவ மாமியார் வழிமறிக்கும். பொண்ணைக் கூட்டிட்டு வரேன்னா மட்டும் கேள்வி கிடையாது." மெசூதா நிமிர்ந்தாள். "ஆறு வயசுல அவளும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. கல்யாணத்துக்கப்புறம் பதினாறு வருஷமா தெருவுல பார்த்தாத் தலையாட்டறதோட சரி. இந்த பிரிட்ஜ் வந்த பிறகுதான் உக்காந்து பேசறோம்."

பின்ஹாஸ் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

அடுத்த வெள்ளியிலிருந்து அவன் சுவிட்சில் எதையும் ஒட்டவில்லை. ஒரு துண்டு டேப்பைக் கிழித்து நேரே தரையில் போட்டுவிட்டுக் கிளம்பினான்.