சேரன் கொடுத்தனுப்பிய எண்ணெய்

கொல்லையில் வாழைக்கு அடியில் பாட்டிலைக் கவிழ்த்தாள் நீலாம்பாள். அந்த நாற்றம் தனக்கு ஆகாதென்று முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தையும் திருப்பிக்கொண்டாள். பெற்ற மகன் கனடாவிலிருந்து கொடுத்தனுப்பியதைக் கொட்டும் பாவம் தன் தலையிலா விடிய வேண்டும்! காலி பாட்டிலில் நல்லெண்ணெயை ஊற்றி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

வேறு என்னதான் செய்வாள்? நேற்று தஞ்சாவூரில் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவள் புருஷன் வைரக்கண்ணுவுக்கு இதய வால்வு மாற்றி நாலு வருஷம். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. ரத்தம் உறைவதைக் கணிக்கும் பரிசோதனையில் மூன்றை ஒட்டி நிற்க வேண்டிய அளவு ஆறைத் தொட்டிருந்தது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வேறு.

“புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?”

நீலாம்பாள்தான் சொன்னாள். “முட்டி வலிக்கு மகன் ஒரு எண்ணெய் அனுப்பியிருக்கான் சார். சிபிடின்னு பேரு. நாக்குக்கு அடியில சொட்டு விட்டுக்கணுமாம்.”

“கஞ்சாச் செடியிலேர்ந்து எடுக்குறதும்மா அது. போதை இருக்காது. ஆனா இவரு போடுற மாத்திரையை உடம்புலேர்ந்து கழிய விடாது. எங்கயாவது உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா உசுருக்கே ஆபத்து. மாத்திரை அளவை நான் பாத்துக்கிறேன். எண்ணெயை இன்னைக்கே நிறுத்துங்க.”

“எம் புள்ள அனுப்புனதை நான் நிறுத்த மாட்டேன்” என்று எழுந்துவிட்டார் வைரக்கண்ணு.

எம் புள்ளயாம்! சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று மூன்று வருஷமாய் அவனிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். நீடாமங்கலம் வரும்வரை ரயிலில் அவளிடமும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கசப்புக்கு எப்போதும் ஒரு வெல்லக்கட்டியைக் கடித்துக்கொள்வார். நேற்று இருந்த கோபத்தில் வெல்லத்தைக்கூடத் தேடவில்லை.

எண்ணெயை மாற்றிவைத்த பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அவர் வேளை தவறாமல் சொட்டு விட்டுக்கொள்ளும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். கட்டினவரை ஏமாற்றித்தான் காப்பாற்ற வேண்டுமென்றால் இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அலுப்பாக வந்தது.

மறு பரிசோதனையில் அளவு மூன்றுக்கு இறங்கியிருந்தது. “எண்ணெயை நிறுத்திட்டீங்கல்ல, அதான்” என்றார் டாக்டர். நீலாம்பாள் தரையைப் பார்த்தாள். வைரக்கண்ணு மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று மாலை சேரன் வீடியோவில் வந்தான். “அம்மா, அப்பா அந்த எண்ணெயைக் குடிக்கிறாரா?”

“ஒரு வேளைகூட விடுறதில்லப்பா” என்றாள்.

சட்டென்று போனைப் பிடுங்கினார் வைரக்கண்ணு. “முட்டி வலி விட்டிருக்குடா. இன்னொரு பாட்டில் அனுப்பாத. பொண்டாட்டியை அழைச்சிக்கிட்டு நீ வந்து சேரு.”

அந்தப் பக்கம் சேரன் அழுதான். இந்தப் பக்கம் நீலாம்பாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போனை வைத்ததும் உடைந்துவிட்டாள்.

“என்னை என்ன வேணா பண்ணுங்க. அவன் அனுப்புனதை மறுநாளே வாழைக்கு அடியில கொட்டிட்டேன். ஒரு வாரமா நீங்க குடிக்கிறது நல்லெண்ணெய்ங்க.”

வைரக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீ கொட்டுனதும் நல்லெண்ணெய்தான்டி.”