இடிக்குப் பயந்தவள்

"மாதாவே, காப்பாத்தும்மா!" என்று லூசியம்மாள் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினாள். கடைசிக் கொக்கியை மாட்டும்போது மேற்கே இன்னொரு தரம் உறுமியது. செபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலின் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

மரியஜோசப் கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று தவித்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருட ஷிப்ட் வாழ்க்கை. அதில் அவருக்கென்று இருந்த ஒரே பைத்தியம் இதுதான். ஐப்பசியில் மேகம் திரண்டால் போதும், காரை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம், திருவதிகை என்று இடி போகும் வழியெல்லாம் பின்னாலேயே போவார். காருக்குள் உட்கார்ந்தபடியே மின்னலைப் படம் பிடிப்பார்.

நேற்றுதான் சென்னையிலிருந்து மகள் ஷைனி போனில் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். "அம்மா இடின்னா எப்படி நடுங்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அவங்கள தனியா விட்டுட்டு மின்னல் பின்னாடி ஓடறீங்களே, நியாயமாப்பா?"

நியாயமில்லைதான். அவர் பையைக் கீழே வைத்தார். "லூசி, இன்னைக்கு நான் போகல. உன்கூடவே இருக்கேன்."

லூசியம்மாள் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டாள். "அதெல்லாம் வேணாங்க! எனக்காக நீங்க ஏன் ஆசைய அடக்கணும்? நான் பாட்டுக்கு அம்பத்து மூணு மணி செபம் சொல்லிக்கினு இருப்பேன். அது முடியறதுக்குள்ள மழையே நின்னுடும். கெளம்புங்க, மேகம் தாண்டிடப் போவுது."

இருபத்தாறு வருடமாக இதே கதைதான். எப்போது திரும்பி வந்தாலும் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே கதவைத் திறப்பாள். "பயத்துல வேர்த்துக் கொட்டிடுச்சுங்க" என்பாள். அவ்வளவுதான். ஒரு நாளாவது முகம் கோணியதில்லை.

இன்றைக்குத் தூரமாகப் போவதில்லை என்று தீர்மானித்தார். இரண்டு தெரு தள்ளி, கூட வேலை பார்க்கும் பாவாடையின் குவார்ட்டர்ஸ் இருந்தது. இரண்டாவது மாடி. லூசி கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் ஓடி வந்துவிடலாம்.

"வாங்கண்ணே, வாங்க! மழையக் கூட்டிக்கினே வந்துட்டீங்க!" என்று பாவாடை கதவைத் திறந்தான். "பால்கனிக் கம்பிகிட்ட போவாதீங்க. இப்படி உள்ள தள்ளி நில்லுங்க."

கதவுக்கு உள்பக்கமாக ஸ்டாண்டை விரித்து, குடியிருப்பின் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினார். மாலை ஐந்தரைக்கே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. மின்னல் என்னவோ அவரோடு கண்ணாமூச்சி ஆடியது. மேற்கே திருப்பினால் வடக்கே வெட்டியது. வடக்கே திருப்பினால் மேற்கே.

"அண்ணே, உங்களப் பாத்தா அதுக்கு வெக்கம்போல" என்று பாவாடை சிரித்தான்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் ஊரே வெள்ளையானது. கண்ணாடி ஜன்னல் அதிர, இடி இறங்கியது. மரியஜோசப் கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். சாரல் பட்டு மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தும் அது நன்றாகவே தெரிந்தது. உச்சி வானத்திலிருந்து வீடுகளின் தலைக்கு மேல்வரை, கிளை கிளையாகப் பிரிந்து இறங்கிய ஒரு முழு மின்னல்.

"யப்பா! மரத்த வேரோட புடுங்கித் தலைகீழா நட்டாப்புல இருக்குண்ணே! எனக்கு அனுப்புங்க, டிவியில போட்டுப் பெருசா பாக்கணும்."

கேமராவிலிருந்து போனுக்கு மாற்றி அவனுக்கு அனுப்பினார். டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, தூறல் விட்டதும் விடாததுமாக வீட்டுக்கு ஓடி வந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே லூசியம்மாள் கதவைத் திறந்தாள். இன்னொரு கையில் செபமாலை.

"ரொம்பப் பயந்துட்டியா லூசி?"

"உசுரே போயிடுச்சுங்க. கடைசியா ஒண்ணு விழுந்துதே, மாதாவே!"

அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேமராப் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "லூசி, ஆயுசுக்கும் போதும்னு சொல்ற மாதிரி ஒரு படம் கெடச்சிடுச்சு. இதோட சரி. கேமராவ ஷைனிகிட்ட குடுத்துடறேன். இனிமே இடி இடிச்சா, உன் கையப் புடிச்சிக்கினு உன் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்."

துண்டு பாதித் தலையில் அப்படியே நின்றது. "எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"ஐயோ, அப்படியெல்லாம் அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க!" அவள் முகம் சின்னக் குழந்தை முகம்போல வாடிப்போனது. "இந்த வருஷ மழை இன்னும் பாக்கியிருக்கு. போய்ட்டுப் போய்ட்டு வாங்க. எனக்குப் பழகிடுச்சு."

என்ன மனசு இவளுக்கு! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாவாடை. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, படம் பிரமாதம்! டிவி முழுக்க மின்னல்தான்!"

"சந்தோஷம்டா பாவாடை."

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியலண்ணே."

"என்னாது?"

"உங்க வூட்டு மொட்டை மாடியில ரெண்டு கையையும் தூக்கிக்கினு அண்ணி ஏன் ஆடறாங்க?"