ஐந்து மணி ஜெபம்

காலை ஐந்து மணிக்கு எபனேசர் வீட்டில் ஜெபம் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில்தான் திருவொற்றியூர் சந்து முழுக்கக் கண் விழிக்கும். "விழிச்சிருந்து ஜெபம் பண்றதுன்னா எபனேசரைப் பாருங்க" என்று பாஸ்டர் சபையிலேயே சொல்லியிருக்கிறார்.

பூட்டிக் கிடந்த பக்கத்துப் போர்ஷனுக்குப் போன மாதம் குடிவந்த கெங்கம்மா, அன்று வாசலில் அவரை நிறுத்தினாள்.

"அண்ணாத்தே, ஒரு மாசமா செவுத்துக்கு இந்தாண்ட ஒவ்வொரு வார்த்தையா கேட்டுகினு கீறேன். மனசு தாங்கல. உன் புள்ளைக்கு ஒரு வழி சொல்லட்டா?"

"ரூபனுக்கா? அவனுக்கு என்னம்மா?"

"மறைக்காத. அவன் பத்தாவது பாஸாவணும்னு தெனம் உங்க சாமிகிட்ட கெஞ்சுறியே. மீசை வெச்ச புள்ள, எத்தினி தபாதான் எழுதுவான்? என் தம்பி டுடோரியல்ல வாத்தியாரா கீறான். அனுப்பி வை."

எபனேசருக்கு முகம் வெளுத்தது. ரூபன் பத்தாவது பாஸாகி, ஐ.டி.ஐ. முடித்து, எண்ணூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

உள்ளே போய் டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை உருவினார். என்றாவது தொண்டை கட்டினால் உதவட்டும் என்று ஆறு வருடம் முன்பு பதிவு செய்த ஜெபம். தொண்டை கட்டவேயில்லை. ஆனால் ஐந்து மணிக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வது பழகிவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, மன்னியும்" என்று ஆரம்பித்தவர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கெங்கம்மா புருஷனை எழுப்பினாள்.

"யோவ், எய்ந்திரு. பாவம்யா, அந்தப் புள்ள இந்த தபாவும் ஃபெயிலு போலக் கீது."