தானே சாப்பிடுவார்

"ஸ்பூனைக் கீழே வை! அவரே சாப்பிடட்டும்!"

"கத்தாதேண்ணா! அப்பா கை நடுங்குறது உனக்குத் தெரியலையா?"

ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. பக்கவாதம் வந்த அப்பா, சட்டையெல்லாம் மசித்த சோற்றோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அண்ணனை முறைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினாள். அவர் சமர்த்தாக வாங்கிக்கொண்டார்.

"பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்," என்றாள் எதிர் சீட்டு அம்மாள். அண்ணன் காதிலும் விழ வேண்டாமா? "சிலதுங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது!"

தங்கைக்கு ஏனோ அந்தப் புகழ்ச்சி தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

ரயிலை விட்டு இறங்கி மூவரும் நேரே போனது ஒரு முதியோர் இல்லத்துக்கு. தன் கையால் சாப்பிட முடிகிறவர்களை மட்டும்தான் அங்கே சேர்ப்பார்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட்டவளே தங்கைதான். ரயிலில் ஊட்டியது, கடைசி நேரத்தில் மனசு கேட்காமல்.

நர்ஸ் தட்டை வைத்தாள். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அப்பா இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் தட்டைக் காலி செய்தார்.

"அப்போ ரயில்ல ஏம்ப்பா அப்படிச் சிந்தினீங்க?" காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் தங்கை.

"அங்கே ஊட்டிவிட நீ இருந்தியேம்மா."

அப்பாவை அங்கே சேர்த்த அடுத்த மாதமே அண்ணன் வேலை மாற்றிக்கொண்டு கடல் கடந்து போய்விட்டான். தங்கைக்கும் கல்யாணமாகிவிட்டது, நல்ல இடம். மாமியார்தான் படுத்த படுக்கையாம். மூன்று வேளையும் மருமகள்தான் ஊட்டிவிடுகிறாளாம், தெருவே மெச்சுகிறது.